72 குதிரையா, 100 குதிரையா?

“பத்து லட்சத்துக்குள்ள ஒரு சின்ன எஸ்யூவி பார்த்துட்டு இருக்கேன். சாதா இன்ஜின் எடுக்கவா, டர்போ எடுக்கவா?” டீக்கடை பெஞ்சில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் இரண்டு கட்சி கிளம்பிவிடும். “டர்போ எடு, சும்மா பறக்கும்” என்பது ஒரு கட்சி. “இன்னிக்குப் பறக்கும், நாலு வருஷத்துல செலவு வைக்கும்” என்பது எதிர்க்கட்சி. இரண்டு பக்கமும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நிதானமாகப் பேசிப் பார்ப்போம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். நிஸான் மேக்னைட். 2020 டிசம்பரில் 4.99 லட்சம் ரூபாய் தொடக்க ஷோரூம் விலையோடு சந்தைக்கு வந்தது. நம் ஒரகடத்து ஆலையில் தயாராவது. அடுத்த ஆண்டு வந்த ரெனோ கைகர் அதன் உடன்பிறப்பு. அதே ஆலை, அதே இன்ஜின்கள். இந்த வண்டியைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம், நம் கேள்விக்கு இது அப்படியே பொருந்துகிறது. இரண்டு இன்ஜினும் 999 சிசி. இரண்டிலும் மூன்று சிலிண்டர். ஒன்றில் டர்போ இல்லை: 72 குதிரைசக்தி, 96 நியூட்டன் மீட்டர் டார்க். இன்னொன்றில் டர்போ உண்டு: 100 குதிரைசக்தி, மேனுவல் கியரில் 160 நியூட்டன் மீட்டர் டார்க். மேலே போர்த்திய உடம்பு ஒன்றே.

ஏன் எல்லாக் கம்பெனியும் 999, 1,197 என்றே இன்ஜின் செய்கின்றன என்று கேட்கலாம். அதைத் தீர்மானித்தது வரிச்சட்டம். 2006 பட்ஜெட்டில், நான்கு மீட்டருக்கு மேல் நீளாத, பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி தாண்டாத கார்களுக்கு கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. அந்த வரம்பு ஜிஎஸ்டி காலத்திலும் தொடர்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக்கு 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40 சதவீதம். மேக்னைட்டின் நீளம் 3,994 மில்லிமீட்டர். கோட்டுக்கு ஆறு மில்லிமீட்டர் உள்ளே! ஆக, சின்ன எஸ்யூவி என்பது உயரமாக நிற்கும் ஒரு சின்ன கார். முன்சக்கரம் இழுக்கும், உடம்பும் சேஸிஸும் ஒரே கூடு. ஸ்கார்ப்பியோ, பொலேரோ ஜாதி இது இல்லை. உயரத்தைக் கொடுத்தார்கள், எடையைக் கூட்டினார்கள், இன்ஜினை மட்டும் பெரிதாக்க முடியாது. அந்த இக்கட்டுக்கு வந்த மருந்துதான் டர்போ.

இப்போது குதிரைசக்தி, டார்க் என்று இரண்டு எண் இருக்கிறதே, எதைப் பார்ப்பது? கிணற்றில் நீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் இழுப்பில் எவ்வளவு கனமான வாளியைத் தூக்க முடிகிறது என்பது டார்க். நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு என்பது இன்ஜினின் சுற்று, அதாவது ஆர்பிஎம். இரண்டும் சேர்ந்து தொட்டியில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்பதே குதிரைசக்தி. சின்ன வாளி வைத்திருப்பவரும் தொட்டியை நிரப்பலாம். வேகவேகமாக இறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்காகச் சொன்னால், டார்க்கைச் சுற்றால் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் குதிரைசக்தி வரும். இதை வைத்து ஷோரூம் தாளில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடிக்கலாம். தாளில் போட்டிருக்கும் 72 என்பது 6,250 சுற்றில் கிடைப்பது. யார் அன்றாடம் 6,250 சுற்றுக்கு மிதிக்கிறார்கள்? குடும்பத்தோடு போகும்போது 2,000-க்கும் 3,000-க்கும் நடுவில்தான் முள் ஆடும். 2,800 சுற்றில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். டர்போ இன்ஜின் தன் முழு 160-ஐயும் அங்கேயே கொடுத்துவிடுகிறது. 160-ஐ 2,800-ஆல் பெருக்கி வகுத்தால் ஏறத்தாழ 64 குதிரை. சாதா இன்ஜினின் உச்ச டார்க்கான 96 வருவது 3,500 சுற்றில். 2,800-லேயே அது கிடைப்பதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும் 38 குதிரைக்கு மேல் போகாது. தாளில் 72-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் ஐந்தில் இரண்டு பங்கு. நீங்கள் ஓட்டும் சுற்றில் அது மூன்றில் இரண்டு பங்கு.

இது எங்கே உறைக்கும்? இருவழிச் சாலையில் முன்னால் ஒரு மணல் லாரி போகிறது. நீங்கள் 90 கி.மீ. வேகத்தில் டாப் கியரில் பின்னால் இருக்கிறீர்கள். ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி ஓடுகிறது. இந்த உடம்புக்கு அந்த வேகத்தைக் காற்றில் தள்ளிக்கொண்டு போகவும் ஏசிக்கும் சேர்த்து உத்தேசமாக 20 குதிரை செலவாகும். முள் 2,800-இல் நின்றால், சாதா இன்ஜினிடம் முந்துவதற்கு மிச்சம் 18 குதிரை. டர்போவிடம் 44. எதிரே பஸ் வரும்போது இந்த இரண்டரை மடங்கு வித்தியாசம் வயிற்றில் தெரியும்.

ஆனால் சாதா இன்ஜின்காரர் சோர்ந்துபோக வேண்டியதில்லை. முந்தும் முன் ஒரு கியரோ இரண்டு கியரோ இறக்கி, முள்ளை 4,500-க்குக் கொண்டுபோனால் அவரிடமும் 60-ஐ ஒட்டிய குதிரை வந்துவிடும். சத்தம் வரும், வரட்டும். இன்ஜின் கத்துகிறதே என்று பயந்து டாப் கியரிலேயே மிதித்துக்கொண்டு லாரியின் பக்கவாட்டில் தொங்குவதுதான் ஆபத்து. சாதா இன்ஜின் வண்டிக்கு ‘பிக்கப் இல்லை’ என்று சொல்பவர்களில் பாதிப் பேர் கியர் இறக்கச் சோம்பல்படுபவர்கள்.

டர்போவுக்கும் ஒரு சோம்பல் உண்டு. இன்ஜினிலிருந்து வெளியே ஓடும் புகையின் வேகத்தால் ஒரு சின்ன விசிறி சுற்றுகிறது. அதே தண்டில் இருக்கும் இன்னொரு விசிறி வெளிக்காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும், டார்க் ஏறும். புகை குறைவாக இருக்கும்போது விசிறி மெல்லத்தான் சுற்றும். இந்த இன்ஜினில் 2,000 சுற்றுக்குக் கீழே நீங்கள் ஓட்டுவது ஏறக்குறைய டர்போ இல்லாத ஒரு லிட்டர் இன்ஜின்தான். மிதித்துவிட்டு, “என்ன, ஒன்னும் காணோமே” என்று நினைக்கும்போது சட்டென்று தள்ளும். நெரிசலில் இது பழகும்வரை எரிச்சல். ஆகவே தாளைப் பார்க்கும்போது டார்க் எண்ணோடு நிற்காமல், பக்கத்தில் எந்தச் சுற்றில் என்று போட்டிருப்பதைப் படியுங்கள். மேக்னைட் மேனுவல் டர்போவில் 2,800 முதல் 3,600 வரை. இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் வென்யூவின் ஒரு லிட்டர் டர்போவில் 172 நியூட்டன் மீட்டர், 1,500 முதல் 4,000 வரை. இரண்டும் டர்போதான். முன்னது விழிக்கக் கொஞ்சம் நேரமாகும், பின்னது சீக்கிரமே விழித்துவிடும். விலையும் அதற்கேற்ப.

“மலைக்குப் போனால் சாதா இன்ஜின் ஏறுமா?” என்பது அடுத்த கேள்வி. தாராளமாக ஏறும். ஆட்கள், சாமான் சேர்ந்து 1,350 கிலோ என்று வைத்து, நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் சாலையில் 40 கி.மீ. வேகத்தில் ஏறுவதற்கு ஏசியும் சேர்த்து 25 குதிரைக்குள் வேலை முடிந்துவிடும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளோ கொல்லிமலையின் 70 வளைவுகளோ குதிரைசக்தியைச் சோதிப்பதில்லை, ஓட்டுபவரின் கியர் புத்தியைச் சோதிக்கின்றன. வளைவில் வேகம் பத்துப் பன்னிரண்டுக்கு இறங்கும்போது இரண்டாவது கியரில் முள் ஆயிரத்தை ஒட்டி விழும். அங்கே டர்போவும் தூங்கும், சாதாவும் திணறும். தயங்காமல் முதல் கியருக்கு வாருங்கள். இறங்கும்போதும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக் சூடாகாது.

இனி வாங்கிய முதல் வாரத்திலேயே பலரைச் சர்வீஸ் சென்டருக்கு ஓடவைக்கும் சங்கதி: நடுக்கம். சிக்னலில் ஏசியோடு நிற்கும்போது ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் ஒரு மெல்லிய உதறல். மூன்று சிலிண்டரின் பிறவிக்குணம் அது. நான்கு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் ஏற இரண்டு இறங்கி, முன்னும் பின்னும் சமனாகும். மூன்றில் அந்தச் சமன் இல்லை. இன்ஜினின் ஒரு முனை எழ, மறுமுனை தாழும். அதை ரப்பர் மவுண்ட்கள் வாங்கிக்கொள்கின்றன. சற்று மிதித்ததும் நடுக்கம் மறைந்தால் கவலை வேண்டாம். வருடங்கள் கழித்து, முன்பு இல்லாத அளவுக்கு உதறினால் மவுண்ட் ரப்பர் தளர்ந்திருக்கலாம், பார்க்கச் சொல்லுங்கள். உதறலோடு இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக்கினால் அது வேறு கதை: ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும். ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் சாதா இன்ஜினோடு ஏஎம்டி, டர்போவோடு சிவிடி கிடைக்கிறது. ஏஎம்டி என்பது அதே மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை உங்கள் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்கிறது. விலை குறைவு, கியர் மாறும்போது தலை லேசாக ஆடும். சிவிடியில் கியர் என்ற படியே இல்லை. இரண்டு புல்லிக்கு நடுவே உருக்குப் பட்டை ஓடுகிறது. நெரிசலில் வெண்ணெய். அழுத்தி மிதித்தால் முதலில் சத்தம் வரும், பிறகுதான் வேகம் வரும். மேக்னைட்டில் சிவிடிக்கு டார்க்கும் 152 ஆகக் குறைகிறது. எதுவானாலும் மேட்டில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். அதற்கு பிரேக் இருக்கிறது. மேனுவலில் ஹாஃப் கிளட்ச் போட்டு நிற்பதும் அதே பாவம்தான். ஒருவருக்கு நீண்டகாலம் உழைக்கும் கிளட்ச் பிளேட், இன்னொருவருக்கு அதில் கால்பங்கு தூரத்திலேயே தேய்ந்துபோவது இந்தப் பழக்கத்தால்தான்.

சரி, எதிர்க்கட்சி சொன்ன ‘செலவு வைக்கும்’ விஷயத்துக்கு வருவோம். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றுகிறது. அதைச் சுழற்றும் புகை இரும்பைச் சிவக்கவைக்கும் சூட்டில் வருகிறது. இந்தச் சூட்டில், இந்த வேகத்தில் அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான். ஆயில் குறைந்தாலோ கருகித் தடித்தாலோ தண்டு உரசும். டர்போ போகிறது என்பதற்கு அர்த்தம் பெரும்பாலும் இதுதான்: ஆயில் போய்விட்டது, பின்னாலேயே டர்போவும் போனது. ஆகவே கம்பெனி சொல்லும் கிரேடு ஆயில், சொல்லும் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். ‘10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ’ என்று எழுதியிருக்கும். நாம் முதல் பாதியை மட்டும் படிக்கிறோம். பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டிக்கு வருடக் கணக்குதான் முக்கியம். இன்ஜின் முழுதாகச் சூடேறாமலே அணைத்தால், எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து அதை நீர்க்கவைக்கும். வாரத்தில் ஒரு நாளாவது அரைமணி நேரம் வெளிச்சாலையில் ஓட்டுங்கள். நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டு வந்து ஹோட்டல் வாசலில் நின்றதும் சாவியைத் திருகாமல், ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஆயில் ஓடி டர்போவின் சூட்டை எடுத்துக்கொண்டு வரட்டும்.

ஆயிலைப் பற்றி இவ்வளவு பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த டர்போ இன்ஜினின் அலுமினிய சிலிண்டருக்குள் வழக்கமான வார்ப்பிரும்பு லைனர் இல்லை. நிஸானின் ஜிடி-ஆர் ஸ்போர்ட்ஸ் காரில் வந்த தொழில்நுட்பப்படி, உருகிய இரும்பை மெல்லிய பூச்சாகத் தெளித்து கண்ணாடிபோல மெருகேற்றியிருக்கிறார்கள். உராய்வு குறைவு, எடை குறைவு, சூடும் சீக்கிரம் இறங்கும். ஆனால் பூச்சு கீறிவிட்டால், பழைய இன்ஜின்போல லேத் பட்டறையில் ‘போர்’ எடுத்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு ஓட்டுவது நடக்காது. மலிவான ஆயிலில் மிச்சப்படுத்தும் ஐந்நூறு ரூபாய்க்கு இதெல்லாம் பணயம். மாதம் ஒருமுறை, காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, சமதளத்தில் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் ஈரம் தெரிந்தால் போதும். இதற்கு மெக்கானிக் தேவையில்லை.

கூலன்ட் இரண்டாவது காவல். நம் ஊர் வெயிலில், ஏசியோடு நெரிசலில் ஊரும்போது ரேடியேட்டர் விசிறி ஓயாமல் ஓடும். கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்தால் போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதிலுள்ள உப்பு, கெட்டிலின் அடியில் படிவதுபோலவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். கம்பெனி சொல்லும் கூலன்ட்டை ஊற்றுங்கள். அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். நிரப்பிக்கொண்டே ஓட்டுவது தீர்வாகாது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பது கையைச் சுட்டுக்கொள்ளும் வழி.

மைலேஜ் குறைந்ததற்கு இன்ஜினைத் திட்டுபவர்கள் இப்போது அதிகம். பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. கலந்த எரிபொருளில் மொத்தத்தில் ஏழு சதவீதம் வரை சக்தி குறையும். மைலேஜ் சில சதவீதம் இறங்கினால் அது எரிபொருளின் கணக்கு. அதைவிட நன்றாக இறங்கினால்தான் வண்டியைப் பார்க்க வேண்டும். முதலில் டயர் காற்றையும் ஏர் ஃபில்டரையும் பாருங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. மாதக்கணக்கில் வண்டியை நிறுத்திவிட்டு வெளிநாடு போகிறவர்கள் யாரிடமாவது சாவியைக் கொடுத்து அவ்வப்போது ஓட்டச் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

அப்புறம் வெள்ளம். 205 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ், எஸ்யூவி என்ற பெயர், இரண்டும் சேர்ந்து ஒரு அசட்டு தைரியத்தைக் கொடுக்கின்றன. 205 மில்லிமீட்டர் என்பது முழு ஒரு அடிகூட இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னைத் தெருக்களில் மிதந்த கார்களை நாம் பார்த்தோம். தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே போன தண்ணீரைப் பிஸ்டன் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும். அப்படி ஸ்டார்ட் செய்து கெட்ட இன்ஜினுக்குச் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி பொதுவாகப் பணம் தராது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைத் தனியாக எடுத்திருக்க வேண்டும். தாழ்வான பகுதியில் வீடு என்றால் அதை விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு டெஸ்ட் டிரைவ் போங்கள். விற்பனையாளர் தன் பக்கத்தில் உங்களை உட்காரவைத்து, காலியான சாலையில் ஒரு சுற்று அடித்து, “சார், பிக்கப் எப்படி?” என்பார். அதில் ஒன்றும் தெரியாது. வீட்டு ஆட்களை ஏற்றிக்கொள்ளுங்கள், ஏசியை முழுதாக வையுங்கள். ஸ்பீடு பிரேக்கரில் இரண்டாவது கியரில் ஏறி இறங்கி, கியரை மாற்றாமல் மிதித்துப் பாருங்கள், உதறாமல் எடுக்கிறதா? பார்க்கிங் ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். ஹாஃப் கிளட்ச் எவ்வளவு கேட்கிறது? சிக்னலில் பாட்டை நிறுத்திவிட்டு நடுக்கத்தைக் கவனியுங்கள். தினமும் இதோடு வாழ முடியுமா? சாதா, டர்போ இரண்டையும் ஒரே நாளில், ஒரே சாலையில் ஓட்டுங்கள்.

கடைசியாக என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள், வண்டியில் இரண்டு மூன்று பேர், எப்போதாவது ஒரு மலைப் பயணம் என்றால் 72 குதிரை மேனுவல் போதும். கெட்டுப்போக உதிரியும் குறைவு, மிச்சமாகும் பணத்துக்கு நல்ல டயரும் இன்ஷூரன்ஸும் எடுங்கள். மாதம் தவறாமல் குடும்பத்தோடு நெடுஞ்சாலை, அதுவும் இருவழிச் சாலை என்றால் 100 குதிரை எடுங்கள். வேகத்துக்காக அல்ல, லாரியைச் சீக்கிரம் தாண்டி உங்கள் பக்கத்துக்குத் திரும்புவதற்காக. ஆயிலை நேரத்துக்கு மாற்றும் பொறுமை தனக்கு இல்லை என்று தெரிந்தவர் மட்டும் டர்போ பக்கமே போக வேண்டாம்.